ஜப்பானியர் வீட்டு வழக்கங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பான் என்றதும் பேச்சு புல்லட் ரயில், சாமுராய், செர்ரிப் பூ என்று போய்விடுகிறது. ஆனால் அங்கே வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர்களும், ஜப்பானிய நண்பர் வீட்டுக்கு விருந்துக்குப் போகிறவர்களும் கேட்பது வேறு. செருப்பை எங்கே விடுவது, குளியலறையில் முதலில் என்ன செய்வது, குப்பையை எந்தக் கிழமை வைப்பது, துக்க வீட்டுக்கு எவ்வளவு பணம் கொண்டுபோவது. திரும்பத் திரும்ப வரும் அந்தக் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த வழக்கங்களில் பலவற்றுக்கு அடியில் ‘எனக்கு அடுத்து வருகிறவர்’ என்கிற நினைப்பு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் பாதி விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

வீட்டுக்குள் நுழையும்போது செருப்பை எங்கே விடுவது?

கதவுக்கு வெளியே அல்ல, உள்ளே. கதவைத் திறந்ததும் ஒரு சின்ன இடம் இருக்கும், அதற்கு கென்கான் என்று பெயர். வீட்டுத் தரையைவிட அது ஒரு படி தாழ்வாக இருக்கும். தெருவின் மண்ணும் தூசியும் அதோடு நின்றுவிட வேண்டும்.

காலணியைக் கழற்றியதும் அந்தத் தாழ்வான தரையில் காலுறையோடு மிதிக்காமல் நேராக மேல்தளத்தில் ஏற வேண்டும். பிறகு குனிந்து, காலணியின் முனை வாசலைப் பார்க்கும்படி திருப்பி ஓரமாக வைக்க வேண்டும். திரும்பிப் போகும்போது சட்டென்று மாட்டிக்கொள்ளலாம், அடுத்து வருகிறவருக்கும் இடம் கிடைக்கும். உள்ளே போட்டுக்கொள்ள ஸ்லிப்பர் தருவார்கள். கழிப்பறைக்கு மட்டும் தனி ஸ்லிப்பர் உண்டு. அதை மாட்டிக்கொண்டே கூடத்துக்கு வந்து நிற்பதுதான் வெளிநாட்டவர் அதிகம் செய்யும் தவறு. தத்தாமி என்ற கோரைப்பாய் விரித்த அறைக்குள் எந்த ஸ்லிப்பரும் கூடாது. காலுறையில் ஓட்டை இருக்கிறதா என்று கிளம்பும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

தத்தாமி பாய் இன்னும் எல்லா வீட்டிலும் இருக்கிறதா?

இல்லை. புதிய அடுக்குமாடிகளில் ஓர் அறையில் இருந்தாலே அதிகம். பல வீடுகளில் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அறையின் அளவை இன்றும் பாய்க் கணக்கில்தான் சொல்கிறார்கள்: வாடகை விளம்பரத்தில் ‘ஆறு பாய் அறை’, ‘நாலரைப் பாய் அறை’ என்று இருக்கும். கியோட்டோப் பக்கத்துப் பாய் தோக்கியோப் பக்கத்துப் பாயைவிடப் பெரியது என்பதால் இரண்டு ஊர் ஆறு பாயும் ஒன்றல்ல.

பாயின் மேல்பரப்பு இகுசா என்ற கோரையால் நெய்யப்படுகிறது. உள்நாட்டுக் கோரையில் பெரும்பகுதி கியூஷூ தீவில் உள்ள குமாமோட்டோ மாநிலத்தின் யாத்சுஷிரோ பகுதியில் விளைகிறது. புதுப் பாய் விரித்த அறையில் பச்சைக் கோரை வாசனை பல நாள் இருக்கும். பாயின் துணி ஓரத்தை மிதிக்காமல் நடப்பது மரியாதை.

ஒரே தொட்டித் தண்ணீரில் குடும்பம் முழுக்கக் குளிப்பார்களாமே?

ஆமாம். கேட்டதும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. ஆனால் முறையைத் தெரிந்துகொண்டால் அந்தச் சுளிப்பு போய்விடும். தொட்டி அழுக்குப் போக்கும் இடம் அல்ல. அழுக்கெல்லாம் போன பிறகு உடம்பைச் சூட்டில் ஊறவைக்கும் இடம்.

குளியலறை முழுவதுமே தண்ணீர் ஊற்றலாம் என்கிற மாதிரி கட்டியிருப்பார்கள். தொட்டிக்கு வெளியே ஒரு குட்டை முக்காலி, ஒரு வாளி, ஒரு ஷவர். முக்காலியில் உட்கார்ந்து, தலை முதல் கால் வரை சோப்புப் போட்டு, நுரை ஒரு பொட்டுக்கூட இல்லாமல் அலசிவிட வேண்டும். நீளமான முடியை மேலே கட்டிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் தொட்டி. தண்ணீர் 40 முதல் 42 டிகிரி வரை இருக்கும். முதல் முறை காலை வைக்கும்போது சுரீர் என்று இருக்கும், மெதுவாக இறங்குங்கள். கழுத்தளவு அமிழ்ந்து பத்து நிமிடம் சும்மா இருப்பதுதான் வேலையே.

விருந்தாளிக்குத்தான் பெரும்பாலும் முதல் குளியல். இங்கேதான் ஒரு பெரிய தப்பு நடக்கும்: குளித்து முடித்ததும் பழக்கதோஷத்தில் அடைப்பானைப் பிடுங்கி மொத்தத் தண்ணீரையும் திறந்துவிடுவது. உங்களுக்குப் பின்னால் நாலு பேர் அதே தண்ணீருக்காகக் காத்திருப்பார்கள். தொட்டியில் முடி மிதந்தால் எடுத்துவிட்டு, சூடு ஆறாமல் இருக்க மூடியை மூடிவிட்டு வாருங்கள். எல்லோரும் குளித்த பிறகும் பல வீடுகளில் அந்தத் தண்ணீர் வீணாவதில்லை. மறுநாள் காலை ஒரு சின்ன பம்ப் வைத்துத் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

குளிர்கால நீள்இரவு நாளில், அதாவது டிசம்பர் 21 அல்லது 22இல், யூசு என்னும் எலுமிச்சை வகைப் பழங்களை முழுசாகத் தொட்டியில் மிதக்கவிடுவார்கள். சூட்டில் பழத்தோலின் வாசனை அறை முழுக்கப் பரவும். மே 5, குழந்தைகள் தினத்தன்று வாள் மாதிரி நீண்ட வசம்பு இலைகளைப் போடுவார்கள்.

பொதுக் குளியல் கூடங்களுக்கு செந்தோ என்று பெயர். வீட்டில் குளியலறை இல்லாத காலத்தில் அவைதான் தெருவின் மையம். 1968 வாக்கில் நாடு முழுக்கக் கிட்டத்தட்ட 18,000 செந்தோ இருந்தன, இன்று 2,000கூட இல்லை. தோக்கியோவில் 2024 ஆகஸ்டில் கட்டணம் 550 யென் ஆனது. சுவரில் ஃபூஜி மலை ஓவியம் வரையும் வழக்கம் 1912இல் தோக்கியோவின் காந்தா பகுதியில் ஒரு குளியல் கூடத்தில் தொடங்கியது. ஜப்பானுக்குப் போகிற யாருக்கும் நான் கோயிலுக்கு முன்னால் பரிந்துரைப்பது ஒரு பழைய செந்தோவைத்தான். எண்பது வயதுப் பாட்டியும் கல்லூரிப் பெண்ணும் ஒரே தொட்டியில் உட்கார்ந்து வானிலை பேசுவதை வேறெங்கே பார்ப்பது?

பச்சை குத்தியிருந்தால் குளியல் கூடத்தில் விடமாட்டார்களா?

வெந்நீர் ஊற்று விடுதிகளில் இன்றும் பல இடங்களில் அனுமதி இல்லை, குண்டர் கும்பல்களோடு பச்சையைச் சேர்த்துப் பார்த்த பழக்கம் அது. தெருவோர செந்தோக்களில் பெரும்பாலும் ஒன்றும் சொல்வதில்லை. நுழையும் முன் கேட்டுவிடுங்கள்.

சாப்பாட்டு மேசையில் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது என்ன?

கைகளைக் கூப்பி ‘இத்தாதாகிமாஸ்’ சொல்லிவிட்டுத் தொடங்குவார்கள், முடித்ததும் ‘கொச்சிசோசாமா’. தனியாகச் சாப்பிடுகிறவர்கள்கூட முணுமுணுப்பதைப் பார்க்கலாம். சோற்றுக் கிண்ணத்தையும் சூப் கிண்ணத்தையும் கையில் தூக்கிப் பிடித்துச் சாப்பிட வேண்டும். கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு முகத்தைக் கீழே கொண்டுபோவது நல்ல பழக்கம் இல்லை. நூடுல்ஸை உறிஞ்சும் சத்தம் பரவாயில்லை. பல வீடுகளில் அப்பா, அம்மா, பிள்ளை என்று ஒவ்வொருவருக்கும் சொந்தச் சோற்றுக் கிண்ணமும் சொந்தக் குச்சியும் உண்டு. அடுத்தவர் குச்சியை யாரும் எடுப்பதில்லை.

குச்சிகளைப் பற்றி ஒரு நீளமான விதிப் பட்டியலே இருக்கிறது. அவற்றில் இரண்டை மட்டும் ஒருபோதும் மீறக் கூடாது. ஒன்று, குச்சியைச் சோற்றில் செங்குத்தாக நட்டுவைப்பது. இறந்தவரின் தலைமாட்டில் வைக்கும் சோற்றில்தான் அப்படி நடுவார்கள். இன்னொன்று, ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை நேரடியாக மாற்றுவது.

இரண்டாவதற்குக் காரணம் தகனச் சடங்கு. ஜப்பானில் கிட்டத்தட்ட எல்லோரையும் எரியூட்டுகிறார்கள். தகனம் முடிந்ததும் தட்டு வெளியே வரும். குடும்பத்தார் அதைச் சுற்றி நின்று நீண்ட குச்சிகளால் எலும்புகளைப் பொறுக்கிக் கலசத்தில் இடுவார்கள். இரண்டு பேர் சேர்ந்து ஒரே எலும்பைப் பிடித்து எடுப்பார்கள், அல்லது ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்குக் கொடுப்பார்கள். கால் எலும்பிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போவார்கள், கலசத்துக்குள் அவர் தலைகீழாக இருக்கக் கூடாதே என்று. தொண்டைப் பக்கத்தில் உள்ள ஒரு கழுத்தெலும்பு, உட்கார்ந்திருக்கும் புத்தர் போலத் தெரியும் என்பதால், அதைக் கடைசியில் வைப்பார்கள். தோக்கியோப் பக்கம் எல்லா எலும்பையும் எடுத்துக்கொள்வார்கள், ஒசாகாப் பக்கம் முக்கியமானவற்றை மட்டும். தன் தாயின் எலும்பை அப்படி எடுத்துக் கொடுத்த ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, நீங்கள் விளையாட்டாக ஒரு தெம்புராவைக் குச்சிக்குக் குச்சி நீட்டினால் அவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நான் சுத்த சைவம். சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டும். பிரச்சினை கறித்துண்டில் இல்லை, தாஷி என்கிற அடிச்சாற்றில். கொன்பு என்ற கடற்பாசியும், காய்ந்து கட்டையாகிப்போன போனிட்டோ மீனின் சீவலும் சேர்த்து எடுக்கும் சாறு அது. மிசோ சூப், ஊடோன் நூடுல்ஸ், வேகவைத்த கீரை வரைக்கும் அது நுழைந்திருக்கும். 1908இல் இக்கேதா கிக்குனாயே என்ற வேதியியல் பேராசிரியர் கொன்புச் சாற்றைக் குடைந்துதான் உமாமி என்ற சுவையைக் கண்டுபிடித்தார். ஆகவே அதை விட்டுவிட்டுச் சமை என்று சொன்னால் சமையற்காரருக்கு எவ்வளவு சங்கடம் என்பது புரியும்.

‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் மீன் வரும். மீன் வேண்டாம், மீன்சாறும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். நாத்தோ என்ற புளிக்கவைத்த சோயா டப்பாவோடு வரும் குட்டிச் சாஸ் பொட்டலத்தில் பெரும்பாலும் மீன்சாறு இருக்கும். கடையில் விற்கும் குழம்பு மசாலாக் கட்டிகளில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருப்பது சகஜம். ஊமேபோஷி என்ற உப்புப் பிளம் வைத்த சோற்றுருண்டை ஓரளவு பாதுகாப்பு, லேபிளைப் பார்த்துவிடுங்கள். கொஞ்சம் செலவழிக்க முடிந்தால், வாகாயாமா மாநிலத்தில் உள்ள கோயாசான் மலையில் ஒரு புத்தக் கோயில் விடுதியில் ஓர் இரவு தங்குங்கள். அங்கே பரிமாறும் ஷோஜின் சாப்பாட்டில் மீனும் இல்லை, வெங்காயம் பூண்டும் இல்லை. எள்ளில் செய்த தோஃபுவை அங்கே ஒருமுறை சாப்பிட்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

பள்ளியில் குழந்தைகளே பரிமாறி, குழந்தைகளே கூட்டித் துடைப்பது உண்மையா?

உண்மைதான். மதியம் மணி அடித்ததும் அன்றைய முறைக்காரர்கள் வெள்ளை அங்கி, தொப்பி, முகக்கவசம் மாட்டிக்கொண்டு, சமையலறையிலிருந்து பெரிய பாத்திரங்களை வண்டியில் தள்ளிக்கொண்டு வருவார்கள். ஏழு வயதுப் பிள்ளை கரண்டியால் சூப்பை ஊற்றும்போது எல்லாக் கிண்ணத்திலும் ஒரே அளவு வருகிறதா என்று எட்டிப் பார்ப்பது அழகாக இருக்கும். ஆசிரியரும் அதே வகுப்பில் அதே சாப்பாட்டைச் சாப்பிடுவார். பிள்ளைகளுக்குப் போகும் முன் தலைமையாசிரியர் ஒரு தட்டு சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற நடைமுறையும் உண்டு.

இதன் தொடக்கம் 1889, யாமாகாத்தா மாநிலத்தின் த்சுருஓகா ஊர். புத்தத் துறவிகள் நடத்திய பள்ளியில் மதியச் சாப்பாடு கொண்டுவர முடியாத ஏழைப் பிள்ளைகளுக்குச் சோற்றுருண்டையும் உப்புமீனும் ஊறுகாயும் கொடுத்தார்கள். 1954இல் பள்ளி மதிய உணவுக்குத் தனிச் சட்டம் வந்தது.

சாப்பிட்ட பிறகு துப்புரவு. வகுப்பறை, படிக்கட்டு, கழிப்பறை என்று குழுக்களாகப் பிரிந்து செய்வார்கள். ‘ஜப்பான் பள்ளிகளில் துப்புரவுப் பணியாளரே கிடையாது’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது சரியல்ல. பராமரிப்புப் பணியாளர்கள் இருக்கிறார்கள். அன்றாடக் கூட்டித் துடைப்பதுதான் பிள்ளைகள் பொறுப்பு.

குப்பை விஷயத்தில் ஏன் இவ்வளவு கெடுபிடி?

புதிதாகக் குடியேறுகிறவர்களை முதலில் திணறடிப்பது மொழிகூட இல்லை, இதுதான். எரியும் குப்பை, எரியாத குப்பை, பிளாஸ்டிக் உறை, பெட் பாட்டில், கண்ணாடி, டப்பா, பழைய தாள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழமை. ஊருக்கு ஊர் விதி மாறும், வார்டு அலுவலகத்தில் பதியும்போதே அட்டவணையைக் கையில் தந்துவிடுவார்கள். காலை எட்டு மணிக்குள், உள்ளே தெரிகிற பையில், குறிப்பிட்ட இடத்தில் வைக்க வேண்டும். முந்தின இரவே வைத்தால் பூனையும் காக்கையும் கிளறிவிடும். காக்கைக்காகவே மேலே ஒரு வலை போர்த்தியிருப்பார்கள், பையை அதற்கு அடியில் தள்ளிவிட வேண்டும்.

பெட் பாட்டிலின் மூடியையும் லேபிளையும் கழற்றி, அலசி, நசுக்க வேண்டும். பால் பெட்டியைக் கழுவி, வெட்டித் தட்டையாக்கி, காயவைத்து, நூலால் கட்ட வேண்டும். பழைய அலமாரியைத் தெருவில் வைத்துவிட்டுப் போக முடியாது. தொலைபேசியில் நாள் கேட்டு, கடையில் அதற்கான ஒட்டுச்சீட்டை வாங்கி ஒட்டி, சொன்ன நாளில் வைக்க வேண்டும். டிவி, குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், ஏசி ஆகியவற்றை 2001இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி மறுசுழற்சிக் கட்டணம் கட்டித்தான் கழிக்க முடியும். விதி தப்பினால் பையை எடுக்காமல் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அது அக்கம்பக்கத்தார் கண்ணெதிரே அங்கேயே கிடக்கும்.

இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஷிக்கோக்கு தீவில் தோக்குஷிமா மாநிலத்து மலையூரான காமிகாட்சு. 2003இல் ‘குப்பையில்லா ஊர்’ என்று அறிவித்துக்கொண்ட அந்த ஊரில் 40க்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். குப்பை வண்டி கிடையாது, மக்களே நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் போட வேண்டும்.

தெருவில் குப்பைத்தொட்டியே கண்ணில் படுவதில்லையே?

1995இல் தோக்கியோ சுரங்க ரயிலில் நடந்த சரின் விஷவாயுத் தாக்குதலுக்குப் பிறகு பாதுகாப்புக்காகப் பல இடங்களில் எடுத்துவிட்டார்கள். பையில் ஒரு சின்னக் கவரை வைத்துக்கொண்டு வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவதுதான் வழி.

அக்கம்பக்க உறவு எப்படி இருக்கும்?

அமைதியாக இருக்கும், ஆனால் இல்லாமல் இல்லை. புது வீட்டுக்குப் போனதும் எதிரே மூன்று வீடு, இரு பக்கமும் ஒவ்வொரு வீடு என்று ஒரு துண்டு அல்லது சோப்புப் பெட்டியோடு போய் அறிமுகம் செய்துகொள்வது பழைய முறை. தனியாக வாழும் இளம்பெண்கள் பாதுகாப்பு கருதி இப்போது இதைத் தவிர்க்கிறார்கள், அதுவும் நியாயமே. தெருச்சங்கத்தின் அறிவிப்புகள் அட்டையில் செருகப்பட்டு வீடு வீடாகச் சுற்றும். படித்ததும் உங்கள் முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டு வாசலில் வைக்க வேண்டும்.

மாலை ஐந்து மணிக்கு ஊர் ஒலிபெருக்கியில் ஒரு குழந்தைப் பாட்டின் மெட்டு வரும். நிலநடுக்கம், சுனாமி எச்சரிக்கைக்கான ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று தினமும் சோதிக்கும் வழி அது. பூங்காவில் விளையாடும் பிள்ளைகளுக்கோ அதுதான் வீட்டுக்குக் கிளம்பும் நேரம். கோடை விடுமுறையில் காலை ஆறரை மணிக்குப் பூங்காவில் வானொலி வைத்து உடற்பயிற்சி நடக்கும். 1928இல் தொடங்கிய அந்த ஒலிபரப்பின் பியானோ இசைக்குத் தாத்தாவும் பேரனும் ஒரே அசைவில் கையைத் தூக்குவார்கள். வந்த பிள்ளைகளின் அட்டையில் ஒரு முத்திரை விழும்.

புத்தாண்டு ஏன் அவ்வளவு முக்கியம்?

வருஷத்தில் குடும்பம் முழுசாகக் கூடுவது அப்போதுதான். 1873இல் ஜப்பான் கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறியதிலிருந்து ஜனவரி 1தான் புத்தாண்டு.

டிசம்பர் கடைசியில் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்வார்கள். சமையலறைப் புகைவிசிறியின் எண்ணெய்ப் பிசுக்கு வரைக்கும் விடமாட்டார்கள். வாசலில் பைன், மூங்கில் அலங்காரம் வைப்பார்கள். 29ஆம் தேதி வைப்பதில்லை, ஒன்பது என்ற எண்ணின் ஒலி துன்பத்தை நினைவூட்டும். 31ஆம் தேதியும் வைப்பதில்லை, ஒரே இரவு அலங்காரம் கடவுளுக்கு அவமரியாதை. ஆண்டின் கடைசி இரவில் கோதுமை நிறத்து சோபா நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு, புத்தக் கோயில்களில் 108 முறை அடிக்கும் மணியைக் கேட்பார்கள்.

காலையில் ஒசெச்சி. அரக்குப் பூசிய அடுக்குப் பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு பதார்த்தமும் ஒரு வேண்டுதல். பளபளவென்று சர்க்கரைப் பாகில் ஊறிய கறுப்பு பீன்ஸ், உழைக்கும் உடல் நலத்துக்கு. ஹெரிங் மீன் சினை, சந்ததி பெருக. வாட்டிய குட்டி நெத்திலி, விளைச்சலுக்கு. அந்த மீனை ஒரு காலத்தில் வயலுக்கு உரமாகப் போட்டார்கள். மஞ்சள் செஸ்ட்நட் மசியல் செல்வத்துக்கு. வளைந்த இறால், முதுகு வளையும் வரை வாழ. தாமரைத் தண்டு, ஓட்டை வழியே வருங்காலம் தெளிவாகத் தெரிய. எல்லாம் சர்க்கரையும் உப்பும் வினிகரும் தூக்கலாக, ஆறினாலும் கெடாமல் இருக்கும்படி செய்தவை. மூன்று நாள் அடுப்புக்கும் அடுப்படியில் நிற்கிறவர்களுக்கும் ஓய்வு கொடுப்பதற்காக என்று சொல்வார்கள். உண்மையில் அந்தப் பெட்டியை நிரப்ப அதற்கு முந்தைய மூன்று நாளும் பெண்கள்தான் அடுப்படியில் நின்றார்கள். இப்போது பலர் கடையில் முன்பதிவு செய்து வாங்குகிறார்கள். அதை மரபு கெட்டுப்போனதாகப் புலம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கூடவே, மொச்சி என்ற அரிசிக்கட்டி போட்ட சோனி சூப். மேற்கு ஜப்பானில் உருண்டை மொச்சி, கிழக்கில் சதுர மொச்சி. கணவன் ஒரு பக்கம் மனைவி ஒரு பக்கம் என்றால் முதல் புத்தாண்டில் எந்த மொச்சி என்பது பெரிய பேச்சுவார்த்தை. அந்த ஒட்டும் அரிசிக்கட்டி தொண்டையில் அடைத்து ஒவ்வொரு ஆண்டும் வயதானவர்கள் இறக்கிறார்கள், தீயணைப்புத் துறை எச்சரிக்கை விடுவது வழக்கம். சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குக் குட்டி உறையில் காசு உண்டு. முதல் மூன்று நாளில் கோயிலுக்குப் போவார்கள், தோக்கியோவின் மெய்ஜி ஆலயத்துக்கு மட்டுமே 30 லட்சம் பேர் வரை வருவார்கள். ஜனவரி 7 காலையில் ஏழு கீரை போட்ட கஞ்சி. தின்று தீர்த்த வயிற்றுக்கு அது உண்மையிலேயே இதம்.

ஓபோன் என்பது என்ன?

இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் நாட்கள். பெரும்பாலான ஊர்களில் ஆகஸ்ட் 13 முதல் 16 வரை. தோக்கியோவின் சில பகுதிகளில் நாள்காட்டி மாறியபோது ஜூலைக்கே போய்விட்டது. பசித்த ஆவியாகத் தவித்த தாயைக் காப்பாற்ற வழி கேட்ட புத்தரின் சீடர் மொக்கல்லானாவின் கதையோடு இந்தச் சடங்கு சேர்ந்திருக்கிறது.

13ஆம் தேதி மாலை வாசலில் சணல் தண்டுகளைக் கொளுத்திச் சின்னத் தீ மூட்டுவார்கள், வழி தெரிய. வீட்டுப் புத்தபீடத்தின் முன் ஒரு வெள்ளரிக்காயும் ஒரு கத்தரிக்காயும் குச்சிக் கால்களோடு நிற்கும். வெள்ளரி குதிரை, வேகமாக வந்து சேர. கத்தரி மாடு, பரிசுகளைச் சுமந்துகொண்டு மெதுவாகத் திரும்பிப் போக. அந்த வருஷம் இறந்தவருக்கு அது முதல் ஓபோன் என்றால் சொந்தங்கள் கட்டாயம் வருவார்கள். அரசு விடுமுறை இல்லை, ஆனாலும் கம்பெனிகள் மூடிவிடும், நெடுஞ்சாலை ஸ்தம்பித்துவிடும். 16ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு கியோட்டோவைச் சுற்றிய ஐந்து மலைகளில் பெரிய எழுத்துகளும் உருவங்களும் தீயில் எரியும், வந்தவர்களை வழியனுப்ப.

அப்படியானால் அவர்கள் எந்த மதம்?

பல வீடுகளில் ஜப்பானின் பூர்வீக மதமான ஷிந்தோவின் மாடமும் புத்தபீடமும் சேர்ந்தே இருக்கும். பிறந்த குழந்தையை ஷிந்தோ ஆலயத்துக்குக் கொண்டுபோவார்கள், கல்யாணத்தைத் தேவாலயம் மாதிரிக் கட்டிய மண்டபத்தில் வைப்பார்கள், இறுதிச்சடங்குக்குப் புத்தபிக்குவைக் கூப்பிடுவார்கள். ஷிந்தோ ஆலயத்தில் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, ஒருமுறை குனிய வேண்டும். இசுமோ ஆலயத்தில் நாலு தட்டு. புத்தக் கோயிலில் தட்டக் கூடாது, கூப்பினால் போதும்.

டாருமா பொம்மைக்கும் காஞ்சிபுரத்துக்கும் தொடர்பு உண்டா?

டாருமா என்பவர் போதிதர்மர். அவர் தென்னிந்திய அரசகுலத்தவர் என்பது பழைய மரபு, காஞ்சியைச் சொல்வதும் அந்த மரபின் ஒரு வழிதான். அதற்கு மேல் உறுதியான வரலாற்றுச் சான்று கிடையாது. ஒன்பது ஆண்டு சுவரைப் பார்த்துத் தியானம் செய்து கைகால் மரத்துப்போனார் என்ற கதையிலிருந்து கைகால் இல்லாத சிவப்புப் பொம்மை வந்தது. குன்மா மாநிலத்தின் தாகாசாக்கி ஊர் இதற்குப் பேர்போனது. வேண்டிக்கொண்டு ஒரு கண்ணுக்குக் கருவிழி வரைவார்கள், நிறைவேறியதும் மற்றது. தேர்தலில் ஜெயித்த வேட்பாளர் இரண்டாவது கண்ணை வரையும் படம் செய்தித்தாளில் வரும்.

கல்யாணம், சாவு வீட்டுக்கு எவ்வளவு பணம்?

நண்பர் கல்யாணத்துக்கு 30,000 யென் வழக்கம். நோட்டுகள் இரண்டு சமபங்காகப் பிரியாதபடி ஒற்றைப்படையில், வங்கியில் வாங்கிய புதுசாக இருக்க வேண்டும். உறையில் சிவப்பு வெள்ளை நூல், அவிழ்க்க முடியாத முடிச்சு.

சாவு வீட்டில் நூலின் நிறமும் நோட்டும் நேரெதிர். கறுப்பு வெள்ளை நூல், பழைய நோட்டு. புது நோட்டு வைத்தால் ‘இதற்காக முன்பே தயாராக இருந்தேன்’ என்று ஆகிவிடும். கையில் புதுசுதான் இருக்கிறது என்றால் ஒருமுறை மடித்துவிட்டு வைக்கலாம். தெரிந்தவர்களுக்கு 5,000, நெருக்கமானவர்களுக்கு 10,000 யென். சில வாரங்களில் அந்தக் குடும்பத்திலிருந்து ஏறக்குறைய பாதி மதிப்புக்குத் தேயிலையோ துண்டோ உங்கள் வீட்டுக்கு வரும். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

கிமோனோவைத் தினமும் உடுத்துகிறார்களா?

இல்லை. கல்யாணம், பட்டமளிப்பு, இருபது வயது நிறைவு விழா, கோடைத் திருவிழாவில் பருத்தி யுக்காத்தா, அவ்வளவுதான். வாடகைக்கு எடுத்து உடுத்தினால் இடப்பக்கம் மேலே வரட்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது சடலத்துக்கு உடுத்தும் முறை.

இதெல்லாம் மறைந்துகொண்டிருக்கிறதா?

சில வேகமாக. புத்தாண்டு வாழ்த்து அட்டை 2003இல் சுமார் 440 கோடி அச்சானது. 2025ஆம் ஆண்டுக்கு அது 107 கோடியாகச் சுருங்கிவிட்டது. தெருச்சங்கத்தில் சேர ஆளில்லை. 2023 கணக்கெடுப்பின்படி 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் கிடக்கின்றன. அந்த வீடுகளில் இருந்த புத்தபீடங்களை யார் பார்த்துக்கொள்வது என்பது இன்று பல குடும்பங்களின் உண்மையான கவலை. கடமைக்காக அனுப்பிய பரிசுகளும், மருமகள் தலையில் விழுந்த சடங்கு வேலைகளும் குறைவதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் தெருவோர செந்தோ ஒன்று மூடும்போது வருத்தப்படுகிறேன். தனியாக வாழும் முதியவர் இரண்டு நாள் குளிக்க வரவில்லை என்பதைக் கவனிக்க அங்கே ஆள் இருந்தது.

ஜப்பானியர் வீட்டுக்கு முதல்முறை போகிறேன். என்ன வாங்கிப்போகலாம்?

தனித்தனியாகப் பொதிந்த இனிப்பு நல்லது. வீட்டில் எல்லோருக்கும், ஏன் அவர் அலுவலகத்துக்கும்கூடப் பிரித்துக் கொடுக்க வசதி. ஊரிலிருந்து போகிறவர்கள் மைசூர்பாகு, முந்திரி பர்ஃபி, காரம் குறைந்த முறுக்கு கொண்டுபோகலாம். மாம்பழம், பச்சைக் கறிவேப்பிலை எல்லாம் விமான நிலையச் சோதனையிலேயே போய்விடும். நான்கு துண்டுகளாகக் கொடுக்காதீர்கள், அந்த எண்ணின் ஒலி சாவை நினைவூட்டும். கென்கானில் நின்றபடி நீட்டாமல், அறையில் உட்கார்ந்த பிறகு, கடைப் பையிலிருந்து வெளியே எடுத்து, இரண்டு கையாலும் கொடுங்கள். பலர் உங்கள் எதிரிலேயே பிரிக்கமாட்டார்கள், அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மறுநாள் ஒரு நன்றிச் செய்தி வரும். நீங்களும் விருந்துக்கு ஒரு வரி நன்றி எழுதி அனுப்பிவிடுங்கள்.